வெள்ளைத் தாளுக்காக ஒரு கிணற்றைக் கெடுத்தேன்

போன மாதம் சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வாழைநாரில் கைக்காகிதம் செய்யப் போகிறாளாம், பேங்க் கடனும் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டதாம். "அக்கா, கூழை வெள்ளையாக்க நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ பிளீச்சிங் பவுடர் போடணும்?" என்று கேட்டாள். இதே கேள்வியை நான் 2022-இல் ஒரு கெமிக்கல் கடையில் கேட்டேன். அவர் ஒரு அளவு சொன்னார், நானும் போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவளிடம் முக்கால் மணி நேரம் சொன்னேன். கடைசியில், "இதை எழுதி அனுப்புங்கக்கா, பாதி மறந்துபோயிரும்" என்றாள். அவளுக்காக எழுத ஆரம்பித்தது இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் நான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொன்னபோது அங்கேதான் இருந்தேன். பனியன் துணியை வெளுக்கும் பட்டறைக்குத்தான் அங்கே சலவைப்பட்டறை என்று பெயர். நொய்யல் ஒரு நாள் ஒரு நிறமும் மறுநாள் வேறு நிறமுமாக ஓடியதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் மாட்டுக்குக்கூட ஆகாது என்று பேசிக்கொள்வோம். "இப்படியா செய்வானுங்க" என்று நானும் திட்டியிருக்கிறேன். அப்படித் திட்டியவள்தான் பத்து வருடம் கழித்துச் சொந்த ஊரில், சொந்தச் சித்தப்பாவின் கிணற்றுக்கு அறுபது அடி தள்ளி அதே வேலையைச் செய்தாள். தெரியாமல் செய்தேன் என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. பெரிய பட்டறைதான் தப்பு செய்யும், நம்முடைய சின்னக் குழி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், தெற்குக் கடலைப் பார்த்து இருக்கிறது. மணல், தென்னை, பனை. பெண்கள் ஓலைப்பெட்டி முடைவார்கள். முடைந்தது போக நறுக்கிப் போட்ட ஓலைத் துண்டும் ஈர்க்குமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குவிந்து கிடக்கும், கடைசியில் அடுப்புக்குப் போகும். திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டோடு, அதாவது பனியன் வெட்டியதில் மிஞ்சும் துணித் துண்டோடு, இந்த ஓலையையும் சேர்த்துத் தாள் செய்தால் என்ன என்று தோன்றியது. பயிற்சி எடுத்தேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மனுப் போட்டேன். மொத்தத் திட்டம் 9,60,000 ரூபாய். என் பங்கு 5 சதவீதம், அதாவது 48,000. கிராமத்துப் பெண் என்பதால் மானியம் 35 சதவீதம், 3,36,000. அந்த மானியத்தை உடனே கையில் தரமாட்டார்கள். பேங்கிலேயே மூன்று வருடம் கிடக்கும், தொழில் ஓடினால்தான் கடனில் கழிப்பார்கள். இது பின்னால் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன். வீட்டுக்காரர் கத்தாரில். ஷெட், பீட்டர் (கூழ் அரைக்கும் இயந்திரம்), தொட்டி, ஸ்க்ரூ பிரஸ், வேலைக்கு மூன்று பெண்கள், எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டேன்.

பருத்தித் துண்டில் தாள் செய்வது சுத்தமான வேலை. துண்டை நறுக்கி, பீட்டரில் அரைத்து, தொட்டியில் கலக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, துணியில் கவிழ்த்து, அழுத்தி, காயப்போட வேண்டியதுதான். பருத்தி கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ், அதில் பிரித்தெடுக்க ஒன்றும் இல்லை. ஓலை அப்படி இல்லை. அதில் நாரை நாரோடு ஒட்டிவைக்கும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. மரத்துக்கும் வைக்கோலுக்கும் விறைப்பைக் கொடுப்பது அதுதான், கூழைப் பழுப்பாக்குவதும் அதுதான். அதைக் கரைக்கக் காஸ்டிக் சோடா போட்டு வேகவைக்க வேண்டும். வெந்ததும் மேலே நிற்கும் தண்ணீர் டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக இருக்கும். அதைக் கொட்டிவிட்டு, கூழை இரண்டு அலசு அலசினால் வரும் நிறம் பழைய சாக்கு நிறம். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் மதுரையில் கல்யாணப் பத்திரிகைக்குத் தாள் வாங்குகிற ஒருவர் சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்திரிகைம்மா, மங்களகரமா இருக்க வேணாமா? வெள்ளையா வருமா?" என்று கேட்டார். ஆர்டர் 1,35,000 ரூபாய்க்கு. வரும் என்றேன்.

அங்கேதான் பிளீச்சிங் பவுடர் வந்தது. ஊராட்சிக்காரர்கள் கிணற்றில் போடுகிறார்களே, குடிதண்ணீரிலேயே போடுவதுதானே என்ற தைரியம். இப்போது அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது. சுத்தமான தண்ணீரில் துளி குளோரின் போவது வேறு, லிக்னின் நிறைந்த கூழில் கிலோக் கணக்கில் போவது வேறு. குளோரின் லிக்னினைத் துண்டு துண்டாக உடைத்துக் கரைக்கும்போது தானும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி உண்டாகும் கரிமக் குளோரின் சேர்மங்களில் பல, மண்ணில் சீக்கிரம் மக்காது. உயிர்களின் கொழுப்பில் சேரக்கூடியவையும் அதில் உண்டு. குளோரின் வாயுவால் வெளுத்த பெரிய ஆலைகளின் கழிவில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு இருப்பது 1980-களில் தெரியவந்த பிறகுதான் உலகம் முழுக்கக் காகித ஆலைகள் முறையை மாற்ற ஆரம்பித்தன. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, கூழ் இரண்டு மணி நேரத்தில் கண்ணெதிரே வெளுத்தது என்பது மட்டும்தான்.

ஒரு விஷயம் கடற்கரைக்காரர்களுக்கு மட்டும். பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும் குளோரின். வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் அதுவும் நாளுக்கு நாள் போய்விடும். எங்கள் ஊரில் உப்பு டப்பாவே நாலு நாளில் கசிந்துபோகும், சாக்கில் வைத்த பவுடர் நிற்குமா? மாசியில் 40 கிலோ கூழுக்கு 6 கிலோ போட்டேன். ஆடியில் அதே வெள்ளைக்கு 11 கிலோ தேவைப்பட்டது. கூடுதலாகப் போட்ட 5 கிலோவில் பாதிக்கு மேல் வெறும் சுண்ணாம்புச் சேறு, அதுவும் குழிக்குத்தான் போனது. இவ்வளவு செய்தும் தாள் உருப்படியாக வரவில்லை. காரம் குறைந்த நிலையில், பிளீச்சிங் பவுடரில் இருக்கும் ஹைப்போகுளோரைட் செல்லுலோஸையும் சேர்த்து அரித்துவிடும். நாலு மாதத்தில் தாள் மடித்த இடத்தில் முறிந்தது, ஓரம் மஞ்சளானது.

ஆவணியில் ஒரு நாள் உயிருக்கே ஆபத்தாகப் போயிருக்கும். கூழைச் சரியாக அலசாமல், தாளில் மை ஊறாமல் இருக்கப் போடும் ரோசினையும் படிகாரத்தையும் கலந்தேன். படிகாரம் அமிலத்தன்மை உள்ளது. கூழில் மிச்சம் இருந்த பிளீச்சிங்கோடு அது சேர்ந்ததும் குளோரின் வாயு கிளம்பியது. நீச்சல்குளத்து வாடை பத்து மடங்கானால் எப்படி இருக்கும், அப்படி. என்னோடு வேலை பார்த்த மதினி ஒருவர் தொட்டி மேலே குனிந்திருந்தார். இருமல் நிற்கவில்லை, கண் திறக்க முடியவில்லை. ஷெட் மூன்று பக்கமும் திறந்தது, கடல்காற்று அடித்தது, அதனால் தப்பித்தோம். பிளீச்சிங் இருக்கும் எதிலும் அமிலம் எதையும் சேர்க்கக் கூடாது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டும் இதில் சேர்த்தி. திருப்பூர்ப் பழக்கத்தில் அதற்குப் பிறகு நான் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், வாங்கிப் போட ஆரம்பித்தேன். வாடை நின்றுவிட்டது. வாடை நின்றதால் கெடுதலும் நின்றது என்று நினைத்தேன். ஹைப்போ மிச்சக் குளோரினைத்தான் கொல்லும், ஏற்கெனவே லிக்னினோடு ஒட்டிப்போன குளோரினை ஒன்றும் செய்யாது.

இப்போது அந்தக் குழி. ஷெட்டுக்குப் பின்னால் எட்டடிக்கு எட்டடி, ஆறடி ஆழம். கறுப்புத் தண்ணீர், பிளீச்சிங் தண்ணீர், அலசின தண்ணீர் எல்லாம் அதில்தான். சாயங்காலம் முழங்கால் அளவு நிற்கும், காலையில் பார்த்தால் காய்ந்து கிடக்கும். மணல் எவ்வளவு நன்றாகக் குடிக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரிந்தவள் நான். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீர் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. உப்புத்தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. அதனால்தான் அப்பத்தா காலத்தில் கடற்கரை மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்பினார்கள். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். களிமண் ஊரில் கழிவு இறங்க நாளாகும், மணல் ஊரில் அது சல்லடையில் ஊற்றிய மாதிரி. குழியிலிருந்து காணாமல் போனதெல்லாம் அந்தப் படலத்தில்தான் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை. குழி நிரம்பி வழிந்தது, நிலத்தடி நீரும் மேலே ஏறியது. மழை விட்ட நாலாம் நாள் காலையில் சித்தப்பா ஒரு செம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் லேசான தேநீர் நிறம், மேலே மெல்லிய நுரை, கிட்டப் போனால் ஈர மரத்தூளும் மருந்தும் கலந்த ஒரு வாடை. அவர் கிணறு பதினான்கு அடி உறைக்கிணறு. அதில்தான் அவர்கள் குடித்தார்கள், அதில்தான் மல்லிகை நாற்றுக்கும் ஊற்றினார். தங்கச்சிமடத்துப் பக்கம் மாதிரி எங்கள் பக்கத்திலும் மல்லிகைப் பதியன் போட்டு விற்பவர்கள் உண்டு. "நாத்து நுனி கருகுதுத்தா. நான் உரம் கூடிப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சித்திதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார். என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார். ஒரு வார்த்தை பதில் பேச எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே ராமநாதபுரம் போய் 1,200 ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் பேனா மாதிரி கருவி. சித்தப்பா கிணறு 1,940 காட்டியது. நாலு வீடு தள்ளி, மேட்டில் இருக்கும் கிணறு 610. குடிதண்ணீருக்கு 500 வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைப் பார்த்துவிட்டு, 'இன்னும் 2,000 தாண்டவில்லையே' என்று ஒரு கணம் மனது சமாதானம் தேடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், லிக்னினையும் கரிமக் குளோரினையும் காட்டாது. யாராவது இந்தத் தொழிலுக்கு வந்தால், இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்த்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். என்னிடம் 'முன்பு எப்படி இருந்தது' என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை. அதனால் பக்கத்து வீடுகளில் தண்ணீர் உப்புக் கரித்ததெல்லாம் என் கணக்கில் வந்தது. அதில் பாதி எப்போதும் கரிப்பதுதான்.

யாரோ புகார் கொடுத்தார்கள். யாரென்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. வந்து பார்த்த மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி என் கோப்பைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "நீங்க இசைவாணை வாங்கினது பருத்தித் துண்டுல தாள் செய்ய. இந்த ஓலை, காஸ்டிக், பிளீச்சிங் எல்லாம் எங்க எழுதியிருக்கு?" எங்கேயும் இல்லை. 1974-ஆம் வருட நீர்ச் சட்டப்படி கழிவுநீர் வரும் தொழிலுக்கு இரண்டு இசைவாணை வேண்டும், நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. மூலப்பொருளோ முறையோ மாறினால் மறுபடியும் போய் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. 'வெளுப்பது' என்ற ஒரு சொல் வந்தாலே, சின்னப் பட்டறையையும் அதிக மாசு தரும் தொழில்களின் வகையில் கொண்டுபோய் வைத்துவிடும். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இடம் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று இன்னொரு கதவும் இருக்கிறது. என் ஷெட் அதைத் தாண்டி இருந்தது, அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். ஏழு மாதம்.

கழிவுநீரைச் சோதிக்கக் கொடுத்த லேபில் ஒரு பெரியவர் இருந்தார். ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது, "நூறு கிலோ ஓலை போட்டா எவ்வளவு கூழ் வருது?" என்று கேட்டார். நாற்பது கிலோ என்றேன். "மீதி அறுபது கிலோ எங்கம்மா போச்சு?" என்றார். இத்தனை மாதமும் நான் கணக்கு எழுதியது நாற்பது கிலோவுக்குத்தான். அறுபது கிலோ ஓலை, அதை வேகவைத்த காஸ்டிக், வெளுத்த பவுடர், எல்லாம் தண்ணீரோடு தண்ணீராகக் குழிக்குள் போயிருந்தது. சி.ஓ.டி. என்று ஒரு அளவு இருக்கிறது, தண்ணீரில் உள்ள அழுக்கை வேதிமுறையில் எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. வெளியே விடுவதற்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம்தான் பொது வரம்பு. என் பிளீச்சிங் தண்ணீர் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. கறுப்புத் தண்ணீரின் எண்ணை எழுத எனக்கு இப்போதும் கூச்சம். பிளீச்சிங்கைவிட அதுதான் பெரிய குற்றவாளி. வெளுப்பதைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதத் தவணை, மாதம் 14,200 வீதம் 99,400. நாற்றுக்காகச் சித்தப்பாவுக்குக் கொடுத்தது 40,000 (அவர் கேட்கவில்லை, சித்தி கையில் கொடுத்தேன்). கிணற்றை மோட்டார் வைத்து மூன்று முறை இறைத்துத் தூர் வார 18,000. குழி மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்த 22,000. லேப் செலவு 11,500. பத்திரிகை ஆர்டர் போனது 1,35,000. மொத்தம் 3,25,900. கிட்டத்தட்ட என் மானியம் முழுவதும். இதைத் தவிர, தொழில் நின்றதைப் பார்த்து அந்த மானியத்தையே திருப்பி எடுத்துவிடுவார்களோ என்ற பயம். கத்தாருக்குப் போன் பேசும்போது "எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்றுதான் மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது மாதம் தவணைக்குத் தாலிச் சங்கிலியை அடகு வைத்தபோது அழுகை வந்துவிட்டது, அன்றுதான் உண்மையைச் சொன்னேன். இதையும் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் வாரமே சொல்லிவிடுங்கள், தனியாகச் சுமந்த மாதங்கள்தான் ரொம்பச் செலவானவை.

அந்த ஏழு மாதத்தில் பெரிய ஆலைகள் என்ன செய்கின்றன என்று தேடித் தேடிப் படித்தேன், கரூர்ப் பக்கம் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடமும் பேசினேன். புகளூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையில் தாள் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் புதிதாக இருந்தது வேறு. பெரிய ஆலையில் கறுப்புத் தண்ணீரைக் கொட்டுவதே இல்லை. சுண்டக் காய்ச்சி, கொதிகலனில் எரித்து, ஆவியும் எடுத்து, சோடாவையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு வெளுப்பதற்கு முன்னாலேயே ஆக்சிஜனை அழுத்தத்தில் செலுத்தி மிச்ச லிக்னினில் ஏறக்குறைய பாதியை எடுத்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் குளோரின் இல்லாததால் அதையும் அதே கொதிகலனுக்கு அனுப்பலாம். அப்புறம்தான் வெளுப்பது. குளோரின் வாயுவுக்குப் பதில் குளோரின் டையாக்சைடு. பெயரில் குளோரின் இருந்தாலும் அது லிக்னினோடு ஒட்டுவதைவிட அதை ஆக்சிஜனேற்றம் செய்து உடைப்பதுதான் அதிகம், அதனால் கரிமக் குளோரின் பெருமளவு குறைகிறது. இன்னும் சில இடங்களில் குளோரினே இல்லாமல் ஆக்சிஜன், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும். நொதி போட்டுக் கூழைப் பதப்படுத்திப் பிறகு வெளுக்கும் மருந்தைக் குறைக்கும் வழியும் உண்டு. நம் நாட்டில் பெரிய ஆலைகளுக்கு 2008-இலிருந்து ஒரு டன் தாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் இந்தக் கரிமக் குளோரின், தொழிலில் சொல்லும் ஏ.ஓ.எக்ஸ்., போகக் கூடாது என்று வரம்பு. இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. புகைபோக்கி வைத்த ஆலைக்கு இருக்கும் கொதிகலன் எனக்கு இல்லை. அப்படியானால் சின்னப் பட்டறை கொட்டுவதைத் தவிர என்ன செய்யும்? அந்த ஓய்வு பெற்ற ஐயா, "கொட்ட வேண்டியது வராம செய்மா. அலசலைச் சரியாச் செய், வெள்ளையைக் குறை" என்றார்.

அவர் சொன்ன அலசலை வைத்துத்தான் மறுபடி எழுந்தேன். கூழில் கறுப்புத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளுக்கும் மருந்தை அதுதான் முதலில் தின்னும், நார் அப்புறம்தான். நான் இரண்டு அலசல் அலசிவிட்டு மருந்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டது இதனால்தான். இப்போது மூன்று டிரம் வரிசையாக வைத்திருக்கிறேன். புதுத் தண்ணீர் மூன்றாவது டிரம்மில் மட்டும். அதில் அலசிய தண்ணீர் அடுத்த கூழுக்கு இரண்டாவது டிரம்முக்கு வரும், இரண்டாவதில் அலசியது முதல் டிரம்முக்கு. கூழ் ஒரு பக்கம் போகும், தண்ணீர் எதிர்ப்பக்கம் வரும். ஒவ்வொரு அலசலுக்கும் நடுவில் கூழை பிரஸ்ஸில் வைத்துப் பிழிவோம், பிழியாமல் அலசுவது வீண். தண்ணீர் முன்பு செலவானதில் பாதிகூட ஆகவில்லை. காசு பெரிதாகச் செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தில்தான் அதிகப் பலன் கிடைத்தது.

பெராக்சைடைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'குளோரின் கெட்டது, பெராக்சைடு நல்லது' என்று கேட்டுவிட்டு நான் ஓடிப்போய் ஒரு கேன் வாங்கி வந்து முதல் தடவையே நாசம் செய்தேன். போர்த் தண்ணீரில், பழைய இரும்பு டிரம்மில் கலந்தேன். பத்து நிமிடத்தில் நுரை பொங்கி வெளியே வழிந்தது, கூழ் அப்படியே பழுப்பாக நின்றது. இரும்பும் மாங்கனீசும் பட்டால் பெராக்சைடு வேலை செய்யாமலே தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் பாத்திரம் வேண்டும், இரும்பில்லாத தண்ணீர் வேண்டும், காரத்தன்மை பி.எச். 11-ஐ ஒட்டி இருக்க வேண்டும், கொஞ்சம் சோடியம் சிலிகேட் போட வேண்டும், 60, 70 டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். 50 சதவீதக் கேனைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எனக்கு இரண்டு விரல் நுனி சுண்ணாம்பாக வெளுத்து, ஊசி குத்துகிற மாதிரி ஒரு நாள் முழுக்க வலித்தது. பிளீச்சிங் பவுடரைவிடச் செலவு கூடுதல்தான். ஓலைக்கூழ் பால்வெள்ளை ஆகாது, சந்தன நிறத்தில் நிற்கும். அந்தத் தண்ணீரும் தீர்த்தம் இல்லை, கரைந்த லிக்னினும் காரமும் அதில் இருக்கும். குளோரின் ஒட்டியது இல்லை என்பதுதான் ஆதாயம், அதனால் மக்குகிற வகையில் கையாளலாம்.

இத்தனைக்கும் பிறகு நான் வந்து சேர்ந்த இடம், வெளுக்கும் வேலையையே கிட்டத்தட்ட விட்டது. வெள்ளை வேண்டும் என்பவர்களுக்கு வெள்ளைப் பனியன் கட்டிங்கில் செய்கிறேன், திருப்பூரில் ஏற்கெனவே வெளுத்தது. (அதை வெளுத்த அழுக்கு வேறு யாருடைய ஊரிலோ கிடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. புதிதாக இன்னொரு முறை வெளுக்கவில்லை என்பதுதான் என் சமாதானம்.) நிறக் கட்டிங்கை நிறத்தோடேயே தாளாக்குகிறேன். ஓலையை நூறு பங்குக்குப் பத்துப் பங்கு மட்டும், காஸ்டிக் இல்லாமல் ஊறவைத்து, சலவைச் சோடாவில் வேகவைத்து, நார் தெரிகிற மாதிரி கலக்கிறேன். மதுரைக்காரர் திரும்பி வரவில்லை. ஆனால் சென்னையில் ஒரு கடைக்காரம்மா அந்த நார் தெரியும் தாளைப் பார்த்துவிட்டு, "இதை வெளுத்துடாதீங்க" என்றார்கள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். வாங்குகிறவரிடம் 'வெள்ளையா வேணுமா' என்று நாமாகக் கேட்கக் கூடாது, கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். கையில் இருக்கும் நிறத்தை முதலில் காட்ட வேண்டும்.

மிச்சக் கழிவுத் தண்ணீருக்கு வழி சொன்னது சித்தப்பாதான். வாலிநோக்கம் உப்பளத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். என்னோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர், ஒரு நாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "உப்பளத்துல பண்ற மாதிரி பாத்தி கட்டி வெயில்ல வத்த விடுத்தா, கீழ இறங்க விடாம" என்றார். தடிமனான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, முக்கால் அடி ஆழத்தில் நாலு பாத்தி கட்டினோம். வரப்பை அவரே மிதித்துக் கொடுத்தார். எங்கள் ஊர் வெயிலுக்கு முக்கால் அடித் தண்ணீர் நிற்காது. ஆனால் மழைக்காலத்தில் இது உதவாது, அதனால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வேகவைக்கும் வேலையே கிடையாது, பருத்தித் தாள் மட்டும், அதன் தொட்டித் தண்ணீர் திரும்பத் திரும்பத் தொட்டிக்கே. பாத்தியில் அடியில் தங்கும் பழுப்புப் பொடியைக் கடலிலும் கொட்டக் கூடாது, மணலிலும் புதைக்கக் கூடாது. பதினொரு மூட்டை கட்டி ஷெட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன். அதை முறைப்படி எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு அனுப்ப லாரி வாடகைதான் இடிக்கிறது, இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று காத்திருக்கிறேன். எங்களுக்கு முன்னால் இருப்பது மன்னார் வளைகுடா, 21 தீவுகள், 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த கடல். எங்கள் ஊர்ப் பெண்கள் அதில் மூழ்கித்தான் பாசி எடுக்கிறார்கள். நிலத்தடிப் படலத்தின் கடைசி ஓரம் அந்த மணற்கரைதான் என்பதை ஏழு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்தேன்.

சித்தப்பா கிணற்றை மாதம் ஒரு முறை அளந்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். 1,940 என்று தொடங்கியது, இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு 780-க்கு வந்திருக்கிறது. நிறம் போய்விட்டது. லேபிலும் கொடுத்துப் பார்த்தோம், நாற்றுக்கு ஊற்றலாம் என்றார்கள். அவர் மல்லிகைக்கு ஊற்றுகிறார், மாட்டுக்குக் காட்டுகிறார். குடிக்க எடுப்பதில்லை, நானும் எடுங்கள் என்று சொன்னதில்லை. காலையில் குழாயில் காவிரித் தண்ணீர் வந்ததும் முதல் நாலு குடம் தள்ளுவண்டியில் அவர் வீட்டுக்குப் போகிறது. சித்தி குடத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வெறுங்குடத்தைத் திண்ணையில் வைப்பார். சில நாள் அதற்குள் ஒரு முழம் மல்லிகை கிடக்கும்.